வேங்கையின் பினாங்குச் சொந்தம்

முதல் நாள், வெள்ளி

கோலாலம்பூரில் காலையில் ஏறிய ரயில், மதியம் ஒரு மணிக்குப் பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டது. நிலையத்திலிருந்து நடைபாலம் வழியாகவே படகுத்துறைக்குப் போய்விடலாம். பெர்ரியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் எதிரே ஜார்ஜ் டவுன் வந்துவிட்டது. சித்தி கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தது சிதம்பரம் என்ற கப்பலில். சென்னையில் ஏறி, நாள் கணக்கில் கடலைப் பார்த்து, வாந்தி எடுத்து, அழுது வந்து சேர்ந்ததாக இன்னமும் சொல்வாள். எனக்கு அந்த அழுகையெல்லாம் இல்லாமல் கிடைத்துவிட்டது பினாங்கு.

என் பையில் துணிமணிகளுக்கு நடுவே, பழைய பருத்திச் சேலையில் சுற்றி ஒரு மரக் குவளை இருந்தது. அப்பா கடைந்தது. அப்பா கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்தில் தச்சுப் பட்டறை வைத்திருந்தவர். எண்பது வயதாகிறது; இப்போது நிலை, கதவு வேலையெல்லாம் செய்வதில்லை. சித்தப்பாவுக்குச் சர்க்கரை என்று கேள்விப்பட்டதும் சேர்த்து வைத்திருந்த வேங்கைக் கட்டையில் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைசல் பட்டறைக்குப் போய்விட்டார். "ராத்திரி தண்ணி ஊத்தி வெச்சு, காலையில வெறும் வயித்துல குடிக்கச் சொல்லு. மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிடு." இரண்டாவது வாக்கியத்தை அப்பா முதலாவதைவிட அழுத்திச் சொன்னார். நானும் அதே அழுத்தத்தோடுதான் இங்கே எழுதுகிறேன்.

துறைக்குத் தங்கச்சி வந்திருந்தாள், பதினோரு வயது மகனோடு. ஆயர் ஈத்தாம் போகும் வழியெல்லாம் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். நான் இந்த ஊருக்கு ஒரு மஞ்சள் பூ மரத்தைப் பார்க்க வருகிறேன் என்று சித்தி முன்பே சொல்லி வைத்திருக்கிறாள்.

"பெரியம்மா, அதோ! மஞ்சப் பூ!"

சாலையோரம் வரிசையாகப் பூத்துக் கிடந்தது பெருங்கொன்றை. நம் ஊரில் இயல்வாகை என்றும் சொல்வோம். மரத்தின் உச்சியில் நிமிர்ந்து நிற்கும் பூங்கொத்து, துருப்பிடித்த இரும்பு நிறத்தில் மொட்டு, தட்டையான செம்பழுப்புக் காய். அழகான மரம்தான். ஆனால் நான் தேடி வந்தது அது இல்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு வீட்டு வாசலில் சரக்கொன்றை. அதுவும் இல்லை. பையனுக்கு ஏமாற்றம். மஞ்சள் பூ என்றால் மஞ்சள் பூ, அதில் என்ன இது இல்லை அது இல்லை என்று கேட்டான். நியாயமான கேள்வி. நான் தேடுகிற மரத்தைக் கீறினால் சிவப்பாக வடியும் என்றேன். அதன் பிறகு அவன் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டாம் நாள், சனி

விடியும் முன்பே தண்ணீர்மலை. மூன்று வாரமாக மழையே இல்லை என்று சித்தி புலம்பிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடலாம் என்பது திட்டம். மலைமேல் இருக்கிற முருகன் கோவிலுக்கு 513 படி. சித்தி எழுபதைத் தொடப் போகிறாள். என்னைவிட வேகமாக ஏறினாள். பாதியில் உட்கார்ந்தது நான்தான்.

உட்கார்ந்த இடத்தில் கேட்டேன். "சித்தி, முருகன் மரமாகி நின்ன கதை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? வள்ளிகிட்ட வேடனா வந்து பேசிக்கிட்டு இருந்தாரு. நம்பிராசன் வர்ற சத்தம் கேட்டதும் வேங்கை மரமா மாறி நின்னுட்டாரு. நேத்து வரைக்கும் இல்லாத மரம் இன்னைக்கு எங்கேயிருந்து வந்துச்சுன்னு வேடருங்க வெட்டப் போனாங்க. எங்க அம்மா சொல்லுவாங்க. ஆனா அந்த மரத்தை நான் கண்ணால பார்த்ததில்லம்மா."

சித்தி பிறந்தது நாமக்கல் டவுனில். கல்யாணத்துக்கு முன்னால் மலை ஏறியதே இல்லை. ஆகவே அவளுக்கு வேங்கை என்பது கதையில் வருகிற மரம். எனக்கு அது சோறு போட்ட மரம். அப்பா வேலை முடித்து வீடு வரும்போது முண்டா பனியனில் மஞ்சள் கறை இருக்கும். ஈரம் பட்ட வேங்கைத் தூள் துணியில் பட்டால் போகாது. புது வீட்டில் வேங்கை நிலை வைத்துவிட்டு, நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்புச் சுவரில் மஞ்சள் இறங்கும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கூலி வாங்குவார். பிசினும் எங்கள் வீட்டில் இருந்தது. பட்டையைக் கீறினால் ரத்தம் போல் வடிந்து, காய்ந்து கறுத்துக் கட்டியாகும். பிறந்த குழந்தைக்குக் கண்ணேறு படாமலிருக்க வைக்கும் கறுப்புப் பொட்டுக்கு அதைக் கரைத்து எடுப்பார்கள். தம்பியின் நெற்றியில் அந்தப் பொட்டோடு எடுத்த படம் இன்னும் இருக்கிறது.

வேங்கைப் பூ மஞ்சள். அது உதிர்ந்து கிடக்கிற கரும்பாறையைத் தூரத்தில் பார்த்துப் புலிக்குட்டி என்று மயங்கியதாகச் சங்கப் பாட்டில் வருகிறது. தினை அறுக்கும் காலத்தில் பூப்பதால் அதைக் கணி, அதாவது நாள் பார்த்துச் சொல்பவன் என்றும் பாடினார்கள். வேங்கை பூத்தால், தினைக்குக் காவலிருக்கும் பெண் புனத்தை விட்டு வீட்டுக்குப் போயாக வேண்டும். காதலனுக்கு அது கெட்ட சேதி. மதுரையை எரித்த கண்ணகி கடைசியில் போய் நின்றதும் ஒரு வேங்கை நிழலில்தான். இவ்வளவும் இருந்தும், படித்த பிள்ளைகளிடம் வேங்கை என்றால் புலியை மட்டுமே சொல்கிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

மலை இறங்கினால் பக்கத்திலேயே தாவரவியல் பூங்கா. 1884இல் பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில் தொடங்கியது. சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பவர் முதல் கண்காணிப்பாளர். மலாய்க்காரர்கள் கெபுன் பூங்கா என்கிறார்கள். கெபுன் என்றால் தோட்டம், பூங்கா என்றால் பூ. அவர்களுடைய பூவும் நம்முடைய பூங்காவும் காதுக்கு ஒன்றாக விழுந்ததில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். உள்ளே நாகலிங்க மரம் அடிமரத்திலேயே பூத்து நின்றது. சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குரங்குகள் பையைப் பிடுங்கப் பார்த்தன.

நான் தேடி வந்த மரம் பூங்காவில் இல்லை, அதற்குப் போகிற சாலையில் நின்றது. அங்சானா. மலாயில் சேனா என்றும் பெயர். கிளைகள் மேலே போய்ப் பிறகு வளைந்து தொங்குகின்றன. அடிமரம் பல தண்டுகள் ஒட்டிப் பருத்த மாதிரி மேடு பள்ளமாக இருக்கிறது. கீழே குனிந்து தேடினேன். கிடைத்தது. காசு போல் வட்டமான காய். நடுவில் ஒரு புடைப்பு, சுற்றிலும் காகிதம் போல் மெல்லிய இறகு. சேந்தமங்கலத்தில் நான் பம்பரம் போல் சுற்றிவிட்டு விளையாடிய அதே காய்!

இலையில்தான் வித்தியாசம். வேங்கையின் சிற்றிலை நுனியில் லேசாகப் பிளந்திருக்கும்; இதற்கு நுனி கூர்மையாக நீண்டிருக்கிறது. மற்றபடி ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுக்கும் தாவரவியலில் பேரினப் பெயர் டெரோகார்ப்பஸ். கிரேக்கத்தில் இறகுக்காய் என்று பொருள். ஆந்திரத்து மலைகளில் கடத்தல்காரர்கள் வெட்டித் தள்ளுகிற செஞ்சந்தனமும் இதே பேரினம். வடமொழியில் வேங்கைக்கு அசனம் என்றும் பெயருண்டு. நம் நிகண்டுகளிலும் அந்தச் சொல் இருக்கிறது. அங்சானா, அசனம் என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பூ மட்டும் இல்லை. மொட்டு இருந்தது, கிளைக்குக் கிளை பச்சை மணிகளாக.

மூன்றாம் நாள், ஞாயிறு

இன்று எங்கும் போவதாக இல்லை. ஆனால் தெருமுனையில் ரம்பச் சத்தம் கேட்டது. மின்கம்பியில் படுகிற கிளைகளைக் குத்தகை ஆட்கள் கழித்துக்கொண்டிருந்தார்கள். அங்சானாதான். பையன் எனக்கு முன்னால் ஓடிவிட்டான்.

வெட்டிய இடத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே சிவப்பாக ஒரு வளையம் ஊறி, சொட்டாகத் திரண்டு, வழிய ஆரம்பித்தது. பையன் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது பயமா மகிழ்ச்சியா என்று எனக்குத் தெரியவில்லை. கிளை கழித்தவர்களில் ஒருவர் தமிழர். "சட்டையில படாம பாத்துக்க தம்பி, அம்மா ஏசுவாங்க" என்றார். அந்த ஆட்களுக்கு இந்தக் கறை பழகிப்போன விஷயம்.

அவரிடமே கேட்டு மணிக்கட்டு கனத்தில், பையன் உயரத்துக்கு ஒரு கிளையை வாங்கிக்கொண்டேன். அங்சானாவை விதை போட்டுத்தான் வளர்க்க வேண்டும் என்பதில்லை. தடித்த கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். சிங்கப்பூரைப் பசுமையாக்கக் கிளம்பியபோது இப்படித்தான் பெரிய பெரிய போத்துகளாக நட்டுச் சீக்கிரம் நிழல் உண்டாக்கினார்கள். சித்தப்பா வாசலில் நட விடவில்லை. "இது வளர்ந்தா ட்ரெயினேஜை ஒடச்சிடும்மா, ரோட்டையும் தூக்கிடும்." அவர் சொல்வது சரி. பழைய பெயின்ட் டிரம் ஒன்றில் மண் நிரப்பி, கொல்லையில் நட்டோம்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று வார மழையும் சேர்ந்து வந்த மாதிரி. சித்தி துணியெடுக்க ஓடினாள். நான் தெருமுனை மரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். வறண்ட நாட்களுக்குப் பிறகு மழை விழுந்தால் இந்த மொட்டுகள் சில நாளில் ஒன்றாக விரியும்.

நான்காம் நாள், திங்கள்

லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் தோசையும் கோப்பியும் பசியாறிவிட்டு, குயின் ஸ்ட்ரீட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, சந்து சந்தாக நடந்தேன். ஒரு சீனப் பெரியவர் கடை வாசலிலேயே பழைய நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார். தச்சுப் பட்டறையைக் கண்டால் எனக்குக் கால் நின்றுவிடும். மலாயில் எனக்கு நாலு வார்த்தைதான் தெரியும். அதில் ஒன்று சேனா. அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. உள்ளே போய் ஒரு பலகையை எடுத்து வந்தார். பழைய அலமாரியின் கதவு. ஓரத்தில் இழைப்புளியை ஒரு தடவை ஓட்டி, சுருண்டு விழுந்த சீவலை என்னிடம் நீட்டினார். முகர்ந்து பார்க்கச் சொல்கிறார்! அப்பாவும் இதைத்தான் செய்வார், யார் பட்டறைக்கு வந்தாலும்.

தேன் நிறத்தில் சிவப்பு ஓடிய கட்டை. மெல்லிய வாசனை. வைரம் பாய்ந்த இடத்தில் ரேகை அலை அலையாகப் போகிறது. இந்த மரத்தில் சில இடங்களில் பெரிய முண்டு விழும். அந்த முண்டை அறுத்தால் உள்ளே கண் கண்ணாக வரும். அம்போய்னா என்ற பெயரில் உலகமெங்கும் விலைபோனது அதுதான். அவர் அப்படி ஒரு துண்டைப் பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்திருந்தார். காட்டினார், விலை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சீவலைக் கை நிறைய அள்ளித் தந்தார், காசு வாங்கவில்லை.

அந்தச் சீவலை மடியில் வைத்துக்கொண்டு கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது சாம்பியா நினைவு வந்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

நான் மூன்று வருஷம் சாம்பியாவில் கணக்கு டீச்சராக இருந்தேன். போன புதிதில் வீட்டு ஞாபகம் தாங்காது. லுசாகாவில் சாலையோரம் கட்டில், மேசை செய்து விற்பார்கள். ஒரு நாள் அந்தப் பக்கம் நடந்தபோது மரத்தூள் வாசனை பிடித்து நின்றேன். இது என்ன மரம் என்றேன். முக்வா என்றார்கள். அதுவும் ஒரு டெரோகார்ப்பஸ்தான். நியாஞ்சா மொழியில் ம்லோம்ப்வா. தென்னாப்பிரிக்காவில் கியாட், தான்சானியா பக்கம் ம்னிங்கா. தூக்கிப் பார்த்தால் கனமும் இல்லை, லேசும் இல்லை. தச்சனுக்கு இணங்கும் கட்டை. காயும்போது சுருங்குவதும் முறுக்குவதும் மிகக் குறைவு, கரையான் லேசில் அண்டாது. அதனால்தான் கதவுக்கும் அதுவே, படகுக்கும் அதுவே, பறைக்கும் உரலுக்கும் அதுவே.

அந்த வருஷம் செப்டம்பரில் பள்ளிக்குப் பின்னால் இருந்த காட்டில் முதல் முதலாக அதன் பூவைப் பார்த்தேன். அங்கே அது வறட்சியின் கடைசி. புல்லெல்லாம் எரிந்து கருகிக் கிடக்கும் சவன்னா, அதாவது மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் புல்வெளி. மரத்தில் ஓர் இலை இல்லை. ஆனால் கிளையெல்லாம் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பூ, தேனீ இரைச்சல். மழை வருவதற்கு முன்னாலேயே பூத்துவிடுகிறது அந்த மரம். காய் வந்தபோது எடுத்துப் பார்த்தேன். அதே வட்டம், அதே இறகு. உள்ளங்கையைவிடப் பெரிது, நடுவில் முள்ளம்பன்றி போல் மயிர்முள். என் பூஜை அலமாரியில் ஒன்று இன்னும் இருக்கிறது.

பள்ளித் தோட்டக்காரர் ஒருநாள் பட்டையைக் கீறிக் காட்டினார். சிவப்பு. அந்த நாட்டுப் பெரியவர்களும் அதைப் பார்த்து ரத்தம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். புண்ணுக்கும் படர்தாமரைக்கும் அந்தப் பாலைத் தடவுவது வழக்கம். வைரக்கட்டையைப் பொடித்துக் கொழுப்பில் குழைத்து உடம்பில் செஞ்சாந்தாகப் பூசுவார்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தாய்ப்பால் ஊறவும் அந்த மரத்திலிருந்து மருந்து உண்டு. மருத்துவமாக அது எவ்வளவு பலிக்கும் என்பது வேறு பேச்சு. என்னை அசைத்தது அவர்களும் நாங்களும் ஒரே மாதிரி யோசித்திருப்பதுதான். எங்கள் ஊரில் பச்சைக் குழந்தையின் நெற்றிக்குப் போகிறது, அங்கே தாயின் உடம்புக்குப் போகிறது. இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

அதே தோட்டக்காரர் சொன்ன இன்னொரு விஷயத்தை நான் எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். முக்வா கன்று முளைத்து, மழைக்காலத்தில் ஒரு முழம் வளரும். வறட்சி வந்ததும் தண்டு செத்துவிடும், அல்லது காட்டுத்தீயில் கருகிவிடும். அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும், மறுபடி சாகும். இப்படிப் பத்து வருஷம்கூடப் போகும். பார்க்கிறவனுக்கு அங்கே மரமே இல்லை. ஆனால் அந்த வருஷங்களிலெல்லாம் வேர் மட்டும் கீழே இறங்கித் தடித்துக்கொண்டே போகிறது. வேரில் போதிய பலம் சேர்ந்த ஒரு வருஷம் தண்டு விறுவிறுவென்று எழுந்து, தீ எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. அதனால்தான் அதை வெட்டுவது லேசு, மறுபடி வளர்ப்பது லேசில்லை. இன்று ஒருவன் சாய்க்கிற முக்வாவின் அடியில், அவன் தாத்தா காலத்து வேர் இருக்கும்.

ஆப்பிரிக்காவில் இந்தப் பேரினமே வெட்டுக்கு இரையாகிக்கொண்டிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கச் சவன்னாவில் இதன் இன்னொரு சொந்தம் உண்டு. அதுவும் மஞ்சள் பூ, அதுவும் சிவப்புப் பால். பாலாபோன் என்ற கட்டை வாத்தியத்துக்கு அதன் பலகையைத்தான் இழைப்பார்கள். தழையை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுவார்கள். ரோஸ்வுட் என்ற பெயரில் அது சீனாவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. 2017இல் அதன் வாணிபத்தை, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வாணிபத்துக்கான சைட்டிஸ் என்ற உலக உடன்படிக்கை கட்டுக்குள் கொண்டுவந்தது. 2022இல் பனாமா கூட்டத்தில் ஆப்பிரிக்காவின் டெரோகார்ப்பஸ் இனங்கள் அனைத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. என்னைக் கேட்டால் இருபது வருஷம் தாமதம்.

வீடு திரும்பியபோது சீவல் நசுங்காமல் வந்து சேர்ந்தது.

ஐந்தாம் நாள், செவ்வாய்

இன்று நடந்தது முழுக்கச் சித்தியின் சமையலறை ஜன்னலில்.

அப்பாவின் குவளையில் சித்தப்பா முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிக்கிறார். காலையில் அந்தத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றியபோது பையன்தான் பார்த்தான். "பெரியம்மா, தண்ணி ப்ரவுனா இருக்கு, ஆனா ஓரத்துல நீலமா தெரியுது!"

அதற்காகத்தானே சீவல் வாங்கி வந்தேன். இன்னொரு டம்ளரில் நல்ல தண்ணீர், ஒரு பிடி அங்சானா சீவல், ஒரு சிட்டிகை ஆப்பசோடா. அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, இரண்டையும் வெயில் விழும் இடத்தில், பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பார்த்தால் வெறும் மஞ்சள் தண்ணீர். வெயிலை முதுகுப் பக்கம் வைத்து, கறுப்புத் துணிக்கு முன்னால் பார்த்தால் நீலம். மயில் கழுத்து நீலம். வேங்கைத் தண்ணீரில் ஓரத்தில் மட்டும் தெரிந்தது, அங்சானாவில் டம்ளர் முழுக்கத் தெரிந்தது. சித்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "சாயம் போட்டியா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

சாயமில்லை. கட்டையிலிருந்து கரைகிற பொருள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு நீல வெளிச்சமாகத் திருப்பி விடுகிறது. ஒளிர்வு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். ஐரோப்பாவில் இதை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் மொனார்டெஸ் என்ற ஸ்பெயின் மருத்துவர், 1565இல். அவர் கண்டது மெக்சிகோவிலிருந்து வந்த வேறொரு மரம். சிறுநீரக நோய்க்கு அதன் தண்ணீரைக் கொடுத்தார்கள். பிறகு பிலிப்பீன்ஸிலிருந்தும் அதே மாதிரி நீலம் காட்டும் குவளைகள் போயின. அவை அங்சானாவில் கடைந்தவை. அங்கே அதை நாரா என்பார்கள், அந்த நாட்டின் தேசிய மரம். அரசர்களுக்கு இந்தக் குவளைகளைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கு அவர் அப்பா சொன்னது, "நல்ல வேங்கைன்னா தண்ணியில நீலம் தட்டணும்." கட்டையை விற்கவந்தவன் ஏமாற்றுகிறானா என்று பார்க்க எங்கள் பட்டறையில் வைத்திருந்த சோதனை அது. மொனார்டெஸ் பெயரைப் படிக்கிற போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் தண்ணீர்ச் சட்டிதான் நினைவில் வரும்.

சித்தப்பா இரண்டு டம்ளரையும் பார்த்துவிட்டுக் கேட்டார், "அப்ப இந்த ஊரு மரத்துலயே குவளை செஞ்சு குடிக்கலாமே?" வேண்டாம் என்றேன். வேங்கைக் குவளைக்குத் தலைமுறை தலைமுறையாகக் குடித்த பழக்கம் இருக்கிறது. அதையே துணைக்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், கிளினிக்கில் கொடுத்த மாத்திரைக்குப் பதிலாக இல்லை. அங்சானாவைச் சர்க்கரைக்குக் குடிக்கலாம் என்று சொல்ல எனக்கு அறிவும் இல்லை, உரிமையும் இல்லை. அவர் தலையாட்டினார். மாத்திரை டப்பாவை எடுத்துக் குவளைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள், புதன்

பூத்துவிட்டது.

ஆறரை மணிக்குப் பையன் என்னை உலுக்கி எழுப்பினான். பள்ளிச் சீருடை பாதி போட்டிருந்தான். தெருமுனை மரம் நேற்று ராத்திரி வரை பச்சை. இப்போது இலையே கண்ணுக்குத் தெரியாத அளவு மஞ்சள். கிளை கழித்ததில் மிஞ்சிய பக்கம்கூடப் பூத்திருந்தது. வாசனை வீட்டு வாசல் வரை வந்தது. கிட்டே போனால் மேலே தேனீக்களின் ரீங்காரம். சாம்பியாவில் கேட்ட அதே சத்தம்.

தங்கச்சி வேலைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள். ஊரைச் சுற்றினோம். எங்கெங்கே அங்சானா இருக்கிறது என்று இன்றைக்குக் கேட்க வேண்டியதில்லை, ஒவ்வொன்றும் தன் இடத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. ஒரு நாள்தான் இந்த மரத்தின் கல்யாணம். ஒரே மழைக்குக் காத்திருந்த மரங்கள் ஒரே நாளில் விரிகின்றன, மறுநாள் கொட்டிவிடுகின்றன. எங்கள் வேங்கை வாரக்கணக்கில் பூக்கும், இது அப்படி இல்லை. தங்கச்சி பிறந்ததிலிருந்து இந்தத் தீவில் இருக்கிறாள். "காருமேல கொட்டுற பூன்னுதாங்க்கா இவ்வளவு நாளா நெனச்சேன்" என்றாள். அதை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமும் இல்லை, சமாதானமும் இல்லை.

இவ்வளவு பூவைப் பார்க்கும்போது இன்னொன்றையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பினாங்கிலும் மலாக்காவிலும் வெள்ளைக்காரன் காலத்திலேயே சாலைக்கு நிழலாக அங்சானா வைத்தார்கள். பார்க்க வருகிறவர்கள் புகழ்ந்து எழுதும் அளவு வளர்ந்து நின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாடல் நோய் வந்தது. வரிசை வரிசையாகக் காய்ந்து போயின. ஒரு பூஞ்சையும், அதைச் சுமந்துகொண்டு கட்டையைத் துளைக்கிற சின்ன வண்டும் சேர்ந்து செய்கிற நோய் இது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். வெட்டி நட்டால் வளரும் என்பதற்காக ஒரே தாயின் போத்துகளைத் தெரு முழுக்க நடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். சாலையோரம் இத்தனை நிற்கிறதே என்று நாம் நினைக்கிறோம். காட்டில் தானாக முளைத்து நிற்கும் அங்சானா பல நாடுகளில் வெட்டி வெட்டித் தீர்ந்துகொண்டிருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்திலுள்ள இனம்.

மதியம் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். மரத்தைக் காட்டினேன். பூவை ஒரு நொடி பார்த்தார். "அடிமரத்தைக் காட்டு" என்றார். காட்டினேன். "எத்தனை சுத்து?" நானும் தங்கச்சியும் கைகோத்துக் கட்டிப் பிடித்துப் பார்த்தோம், எட்டவில்லை, தெருவில் போன சீன அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து கை கொடுத்தார். மூன்று பேர் சுற்று. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உளி வெக்கவே மனசு வராது போ" என்றார்.

ஏழாம் நாள், வியாழன்

கிளம்புகிற நாள். காலையில் தெரு முழுக்க மஞ்சள் பாய் விரித்திருந்தது. ஏழு மணிக்கு நகராட்சி ஆட்கள் துடைப்பத்தோடு வந்தார்கள், எட்டரைக்குத் தெரு பழைய தெரு. பையன் அதற்குள் ஒரு மைலோ டின் நிறையப் பூவை அள்ளி வைத்திருந்தான். வகுப்பில் காட்டப் போகிறானாம். டீச்சரிடம் பள்ளித் திடலில் ஒரு மரம் நடலாமா என்று கேட்கப் போகிறானாம், டிரம்மில் இருக்கிற கிளைக்கு வேர் வந்த பிறகு.

காயைக் கொண்டுபோகவில்லை. அனுமதி இல்லாமல் விதையை எல்லை தாண்டி எடுத்துப் போகக்கூடாது. சித்தியின் ஜன்னலிலேயே குவளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

இதை ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஈப்போ தாண்டிவிட்டது. இப்போதுதான் பையன் படம் அனுப்பியிருக்கிறான். பெயின்ட் டிரம், ஈர மண், நடுவில் மொட்டையாக ஒரு கிளை. மேல் நுனியில் காய்ந்த சிவப்பு. துளிர் இன்னும் வரவில்லை பெரியம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும் என்று கேட்டிருக்கிறான். மண் காய்ந்தால் ஒரு சொம்பு, காயாவிட்டால் வேண்டாம் என்று பதில் போட்டேன்.